தொண்ணூற்றைந்துக்குக் கீழே

சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. மருந்து ஸ்டோருக்குப் போய்விட்டு வந்த சகாயராணி, ஆண்கள் வார்டு வாசலில் கால் வைக்கும்போதே அது காதுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் கட்டிலின் தலைமாட்டில், சுவரில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. ரெண்டு லிட்டர் வைத்தால் அது அப்படிக் கொதிக்காது, சோம்பேறித்தனமாக ஒவ்வொரு குமிழாக விட்டுக்கொண்டிருக்கும், காலையில் ஏழரை மணிக்கு டூட்டி ஏற்றபோது அவள் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போன சத்தம் அதுதான். முப்பது வருசமாக நர்சு வேலை பார்க்கிறவளுக்குக் காதும் ஒரு கருவி, அதை எந்த ஸ்டோரும் தரவேண்டியதில்லை. ஓடவில்லை அவள். பதறாத காரியம் சிதறாது என்று பயிற்சிக்கு வரும் பெண்களிடம் நாளைக்கு நாலு தரம் சொல்கிறவள், தானே ஓடினால் என்ன மரியாதை. ஆனால் நடை ஓட்டத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் குண்டு பத்தில் நிற்கிறது. வீரணன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறார், முகம் செக்கச்செவேலென்று, நெற்றி முழுக்க வியர்வை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றொன்பது என்று பரீட்சை மார்க் மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறது. காலடியில் அவர் பெண்டாட்டி ஒச்சம்மா, மூன்று நாளில் முதல் தடவையாக முகத்தில் ஒரு நிம்மதியோடு, முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். சகாயராணி அவர் தோளை உலுக்கினாள், நெஞ்செலும்பில் விரல்முட்டியை வைத்து அழுத்தினாள், அரைக்கண் திறந்து மூடியது, அவ்வளவுதான். காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகு குமிழைத் திருகினாள், ஒரேயடியாக மூடவில்லை, அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை, மூடினால் அந்தத் தொண்ணூற்றொன்பது கயிறு அறுந்த வாளியாகக் கிணற்றுக்குள் போய்விடும், கிளிப்பைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக இறக்கினாள். கை அதன் பாட்டில் சரியாகத்தான் செய்தது. வாய்தான் நிற்கவில்லை. யார் தொட்டது இதை என்று கேட்டாள், ஒச்சம்மா எழுந்து நின்று, நாந்தான், இப்பத்தான் நல்லாத் தூங்குறாரு என்றாள். "கொன்னுருப்பியேம்மா. உன் கையாலயே புருசனக் கொன்னுருப்ப" என்று சகாயராணி சொன்னது, இருபத்தெட்டுக் கட்டிலுக்கும் கேட்டது.

டாக்டர் நவநீதன் வந்தார், முப்பதுகூட ஆகாத பையன், ஆனால் கை சுத்தம், மணிக்கட்டில் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் நாற்பது இருக்கவேண்டிய கரியமிலவாயு எண்பத்தெட்டு இருந்தது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, முகத்தை இறுக்கிப் பிடிக்கும் பெரிய மாஸ்க்கை வைத்து, மூச்சைத் தள்ளிவிடுகிற மிஷினில் மாட்டினார்கள். பைபேப் என்று பேர், கொரோனாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட மிஷின். நோயாளி இழுக்கும்போது உள்ளே தள்ளும், விடும்போது விட்டுக்கொடுக்கும், உள்ளே தேங்கிய கெட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு மணி நேரம் பார்ப்போம் சிஸ்டர், என்றார் டாக்டர், முழிச்சார்னா தப்பிச்சார். முழிக்காவிட்டால் தொண்டைக்குள் குழாய் இறக்கி மதுரைக்கு ஏற்றவேண்டும், அந்த நுரையீரலில் குழாய் இறக்கினால் அப்புறம் எடுப்பது கஷ்டம் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும், அதைச் சொல்லாமல் அவர் விபத்துக் கேஸ் ஒன்றைப் பார்க்கக் கீழே போனார். மற்ற கட்டில்களைக் கூட வேலை பார்க்கிற சிஸ்டர் எடுத்துக்கொண்டாள். மணி பதினொன்று. சகாயராணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மாஸ்க்கின் வலது ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்தாள், அங்கேதான் காற்று கசிகிறது, வீரணனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பன்னிரண்டு வரைக்கும் பிடித்தே ஆகவேண்டும், பிடிப்பாள், இதைவிட மோசமானதெல்லாம் பிடித்த கை.

மூச்சை எண்ணினாள். பதினெட்டு. பத்தொன்பது. நடுவில் மிஷின் ஒரு தரம் கத்தியது, விரலை மாற்றி வைத்தாள், கத்தலை நிறுத்தியது. எண்ணிக்கை தவறிவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து. அறுபத்தெட்டு வயசு, நாற்பது வருசம் காளவாசலில் செங்கல் சூளைக்குத் தீ போட்டவர், அது போதாதென்று பீடி வேறு, புகையையே சோறாகத் தின்ற நெஞ்சு. அந்த நெஞ்சுக்குக் கிளிப்பில் எண்பத்தொன்பதுதான் சரி. நமக்குத் தொண்ணூற்றெட்டு, அவருக்கு எண்பத்தொன்பது, அவரவர் காலுக்குத்தான் செருப்பு. அதற்கு மேலே கொடுத்தால், போதுமே, இனி எதற்கு மூச்சு விட்டுக்கொண்டு என்று உடம்பு அசந்துவிடும், கெட்ட காற்று உள்ளேயே நின்று ஆளை மயக்கும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியான தூக்கம் மாதிரித்தான் இருக்கும், கன்னம்கூடச் சிவந்து பார்க்க அழகாக இருக்கும், அதுதான் கொடுமை. ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள். பதினொன்று. பன்னிரண்டு. முன்னே இப்படியா இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆக்சிஜன் என்றாலே சனங்களுக்குப் பயம், ஆள் உயர இரும்புச் சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டாலே வார்டில் பேச்சு அடங்கும், யார் கட்டிலில் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண்கள் அப்போதே தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். ஆக்சிஜன் வச்சுட்டாக என்று ஊருக்குத் தகவல் போனால், வருகிறவர்கள் மாலையோடு வந்த கதையெல்லாம் உண்டு. எடுத்துடுங்க சிஸ்டர், அதை வச்சாப் பொழைக்க மாட்டாக என்று காலில் விழுந்தவர்களைத் தள்ளிவிட்டு வைத்திருக்கிறாள். இப்போது தலைகீழ். கொரோனாவுக்கு அப்புறம் சளி பிடித்து வந்தவன்கூட முதலில் அதைத்தான் கேட்கிறான், இருமலுக்கு வந்த பெண் கையோடு விரல் கிளிப் வாங்கிக்கொண்டு வருகிறாள், ஏத்தி வைங்க, இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க, இலையில் இன்னொரு கரண்டி சோறு மாதிரி. பயந்தபோதும் தொல்லை, ஆசைப்பட்டபோதும் தொல்லை. இருபது. இருபத்தொன்று என்றுதான் நினைத்தாள், நெஞ்சு ஏறவில்லை. ஏறவில்லை. இவள் மூச்சும் நின்றது. அப்புறம் மிஷின் ஒரு தள்ளுத் தள்ள, ஏறியது. ஆகட்டும். இருபத்தொன்று.

கொன்னுருப்ப என்று சொல்லியிருக்கவேண்டாம். சொன்னது சரிதான், இன்னும் அரை மணி போயிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும், சரியானதைச் சொல்ல என்ன தயக்கம். ஆனாலும் அந்தச் சொல் பல்லிடுக்கில் பாக்குத்தூள் மாதிரி நின்றது, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்குகிறது, இரண்டு லிட்டர், எண்பத்தெட்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரை என்று இங்கிலீசில் கொட்டை எழுத்தில் எழுதி. யாருக்கு எழுதியது அது. டாக்டருக்குத் தெரியும், நர்சுக்குத் தெரியும், தெரியாத ஒரே ஆள் மூன்று நாளாக அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள். சரி, சொல்லியிருக்கலாம். யார் சொல்வது, ராத்திரி டூட்டி சொல்லியிருக்கும் என்று பகல் டூட்டி நினைக்கும், பகல் சொல்லியிருக்கும் என்று ராத்திரி நினைக்கும், அதற்காகச் சுவரில் இருக்கிற குமிழைத் திருகலாமா ஒரு பொம்பளை, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது, மின்விசிறி சுவிட்சைத் தொடவே பயப்படுகிறவர்கள் இந்த வார்டில் இருக்கிறார்கள். இவள் என்னவென்றால் பழகின கையாகத் திருகியிருக்கிறாள், குண்டை நேராகப் பத்தில் நிறுத்தியிருக்கிறாள், குழாய் மடங்காமல் நேராக எடுத்துவிட்டிருக்கிறாள், பாட்டிலில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்திருப்பாள் போல. பழகின கை. சகாயராணியின் எண்ணம் அங்கே முட்டி நின்றது. பக்கவாட்டில் பார்த்தாள். ஒச்சம்மா கட்டிலைவிட்டு எட்டவே தள்ளி, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எங்கம்மா கத்துக்கிட்ட இதை என்று சகாயராணி கேட்டாள், வைகிற குரலில்தான் கேட்டாள், குரலை மாற்றுவதற்கு நேரமில்லை. ஒச்சம்மா பக்கத்தில் வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"நீங்கதான தாயி சொல்லிக் குடுத்தீக. மொகத்த எங்க பாத்தேன், அப்ப மூடியிருந்தீக. கொரலு இதான்."

குற்றம் சொல்லவில்லை அவள், வழி கேட்டவனுக்குத் தெருப்பேர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கொரோனாவில் மகளை இந்த வார்டில்தான் போட்டிருந்தார்களாம், சன்னல் ஓரம், அது அப்போது பெண்களுக்கும் சேர்த்து வார்டாக இருந்தது, ஒன்பது நாள். நீங்க ஸ்டூலில் ஏறி நின்று சொன்னீக, கிளிப்பில் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழே இறங்கினால் என்னைத் தேடாதீங்க, நீங்களே திருகிக் கூட்டுங்க, நான் வருவதற்குள் உசுரு போயிரும் என்று. ரெண்டு தரம் இறங்கிச்சு தாயி, ரெண்டு தரமும் கூட்டுனேன், எம் மக பொழச்சு வந்தா, இன்னைக்கு ரெண்டு பிள்ளைக்குத் தாயி. அதான் இவருக்கும். எண்பத்தொம்பதுன்னு காட்டிச்சு, கையும் ஓடல காலும் ஓடல, உங்களைத் தேடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. மிஷின் கத்தியது. விரல் நழுவியிருந்தது, சகாயராணி திரும்ப அமுக்கினாள். இந்த ஸ்டூலா. இந்த ஸ்டூலாகவே இருக்கலாம். சொன்னாள்தான், ஒரு தரமல்ல, நாளைக்கு மூன்று தரம், பிளாஸ்டிக் உடைக்குள் வியர்வை முதுகில் வழிய, நாற்பத்தாறு கட்டிலுக்கு ரெண்டே ரெண்டு நர்சு, வராந்தாவில் வேறு ஆட்கள் தரையில், ஒரு மூலையில் இறங்குகிற நம்பரைப் பார்த்து ஓடினால் மறு மூலையில் ஒன்று இறங்கிவிட்டிருக்கும். கூட நின்ற சொந்தங்களின் கைதான் அன்றைக்கு இருந்த மிச்சக் கை. அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, குமிழைக் காட்டி, குண்டைக் காட்டி, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு, திருப்பிச் சொல்லுங்க என்று பள்ளிக்கூடம் நடத்தினாள். செய்த வேலையிலேயே பெருமையான வேலை எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வாள், இன்றைக்குக் காலையில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அப்போது சரி. அப்போது சரிதானே, அந்த நோய்க்கு அதுதான் பாடம், அதில் ஒரு எழுத்து மாற்றமில்லை. இப்போது தப்பு. அப்போது சரி, இப்போது தப்பு, எண்ணம் செக்குமாடாகச் சுற்றியது, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தட்டியது, தப்பு என்று அவளிடம் சொன்னது யார். ஒருத்தரும் சொல்லவில்லை. நோய் போனது, உடையைக் கழற்றிக் குப்பையில் போட்டோம், கைதட்டினார்கள், பாடத்தை யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று டாக்டர்களைக் கேலி செய்ய நர்சுகள் சொல்கிற பழமொழி, அது இன்றைக்கு அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. பத்து. பதினொன்று. கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, உடனிருப்பவர் ஆக்சிஜனைத் தானாகக் கூட்டியிருக்கிறார் என்று, பொய்யில்லை, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இந்தக் கிழவி இதை இன்னொரு தரம் யாரிடமும் சொல்லமாட்டாள், கேட்டவர்களும் யாருமில்லை, மின்விசிறிக்குக் கீழே கேட்டது தன் காது ஒன்றுதான். அப்படியே விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பது எவ்வளவு சுலபமாக வருகிறது மனசில், அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது, வீரணனைப் பார்த்துக்கூட அத்தனை பயம் வரவில்லை. இவர் போய்விட்டால், போகவிடமாட்டாள், ஆனால் போய்விட்டால், அந்தப் பெண் ஊருக்குப் போய் மிச்ச ஆயுசு முழுக்க அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பாள், சோறு பிசையும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்ப்பாள், காதில் சகாயராணியின் குரல்தான் கேட்கும், கூட்டச் சொன்னதும் அந்தக் குரல்தான், கொன்னுருப்ப என்றதும் அந்தக் குரல்தான். முழிங்கய்யா என்றாள் சகாயராணி, வாய்விட்டே சொன்னாள். மணி பதினொன்று நாற்பது. நெற்றி வியர்வையைப் பஞ்சால் ஒற்றினாள், சிவப்பு கொஞ்சம் வடிந்திருக்கிறதா, அல்லது தனக்குத்தான் அப்படித் தெரிகிறதா. இல்லை, வடிந்திருக்கிறது. அவள் கண்ணும் ஒரு கருவி. கையைத் தூக்கிப் பார்த்தாள், முன்னே துணி மாதிரி விழுந்த கை இப்போது விழுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று விழுந்தது. வருகிறார். மனுசன் மேலே வருகிறார். இன்னும் இருபது நிமிசம் இருக்கிறது, அவசரமில்லை, நிதானமாக வாங்க.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது வீரணனின் கை எழுந்துவந்து மாஸ்க்கைப் பிடித்தது. பிடித்தது மட்டுமல்ல, இழுத்தது, சூளையில் விறகு தள்ளின கை, நல்ல பிடி. கண் திறந்திருந்தது, ஆனால் யாரென்று பிடிபடவில்லை. ஒரு நொடி மாஸ்க்கைத் தூக்கிக் கொடுத்தாள். "ஏண்டி மூஞ்சியப் போட்டு அமுக்குற, விடுடி" என்றார். முப்பது வருச சர்வீசில் ஒரு நோயாளி டி போட்டுப் பேசி சகாயராணி பல்லைக் காட்டிச் சிரித்தது அன்றைக்குத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குவேன், பொறுத்துக்கோங்க என்று சொல்லி மாஸ்க்கைத் திரும்ப வைத்தாள். டாக்டர் வந்து மறுபடி ரத்தம் எடுத்தார், கரியமிலவாயு எண்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறுக்கு இறங்கியிருந்தது, சிரித்தார், குழாய் வேண்டாம் என்றார். அப்புறம் ஒச்சம்மா பக்கம் திரும்பி, நல்ல விதமாகத்தான், இனிமேல் எதையும் தொடக்கூடாது பாட்டி, பெரிய ஆபத்து தெரியுமா என்றார், உடனிருப்பவர்கள் குமிழைத் தொடக்கூடாது என்று நாளைக்கே ஒரு போர்டு வைத்துவிடலாம் சிஸ்டர் என்றார். ஒச்சம்மா சரி சாமி, சரி சாமி என்று தலையை ஆட்டினாள், கை இன்னும் முந்தானைக்குள்தான். சகாயராணி ஸ்டூலைவிட்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. காலையில் வைதபோது எந்த அளவில் குரல் இருந்ததோ அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டாள், சின்னக் குரலில் சொன்னால் அது சொன்னதாகாது.

"போர்டு வைங்க சார். ஆனா இந்தம்மா மேல தப்பு இல்ல. கூட்டச் சொல்லிக் கொடுத்தது நான். கொரோனாவுல இதே வார்டுல சொல்லிக் கொடுத்தேன், மறுபாதியச் சொல்லாம விட்டுட்டேன்."

இருபத்தெட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் கேஸ் ஷீட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவள் நின்றபடியே அதில் இன்னும் ரெண்டு வரி எழுதினாள். மாஸ்க் ஓரத்தைக் கூட வேலை பார்க்கிற சிஸ்டரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சுவரோரம் போய், முட்டி நோவோடு ஒச்சம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒச்சம்மா முதலில் கேட்டது அவரைப் பற்றியல்ல, மகளைப் பற்றித்தான், அப்ப எம் மகளுக்கு வச்சது என்று கேட்டு நிறுத்தினாள். அது சரிதான்மா, அவளைப் பொழைக்க வச்சது நீங்கதான், அதை யாரும் மாற்றமுடியாது என்றாள் சகாயராணி. பிறகு மறுபாதியைச் சொன்னாள், காளவாசல்காரர் பெண்டாட்டிக்குப் புரிகிற மாதிரி, புகை போகிற வழி அடைத்த சூளையில் காற்றை மட்டும் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு. ஒச்சம்மா உடனே பிடித்துக்கொண்டாள். எண்பத்தெட்டு, தொண்ணூத்திரண்டு என்று திருப்பிச் சொன்னாள், இடையில் நிக்கணும், மேல போனாலும் கூப்பிடணும், கீழ போனாலும் கூப்பிடணும், கை வைக்கக்கூடாது. ஒரு தடவைதான் சொன்னது, அப்படியே வந்தது. இவ்வளவு நன்றாகப் படிக்கிறவள் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டிருப்பாளா என்று அப்போதுதான் சகாயராணிக்கு உறைத்தது. இப்போது ஊர் ஊருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்து மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் இவரைப் போலப் புகை தின்றவர்கள். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தொண்ணூத்தஞ்சு கணக்க வேற யாருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்கம்மா?"

ஒச்சம்மா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து விரித்தாள். சுண்டுவிரலை மடக்கி, மேலத்தெருப் பால்காரர் வீடு என்றாள். மோதிரவிரலை மடக்கினாள்.